வீட்டு வரி, பள்ளிக்கூடம், பதின்மூன்றாம் எண்

வரி என்று பேச்செடுத்தாலே நம்மூர் நிதியமைச்சர்களுக்குப் பிசிராந்தையார் ஞாபகம் வந்துவிடும். 2019இல் மத்திய பட்ஜெட் உரையிலும் வந்துபோனார். வயலுக்குள் யானை தானே புகுந்தால் தின்பதைவிட மிதிப்பது அதிகம் என்கிற அந்தப் புத்திமதியில் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள். வாங்குகிற அரசன், கொடுக்கிற குடி. வாங்கியது யாருக்குப் போனது என்கிற கேள்வியோடு ஒரு மூன்றாம் ஆள் அங்கே நிற்பதில்லை. வரியைப் பற்றிய நவீனச் சொல்லாடல்களும் பெரும்பாலும் இந்த இருவரோடு முடிந்துவிடுகின்றன. வரியைக் குறைத்தால் குடி பிழைத்தது, அரசன் தோற்றான்; சுபம். கலிபோர்னியாவில் 1978இல் நடந்ததை இன்றைக்கும் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு ‘மக்கள் எழுச்சி’யாக. அந்த எழுச்சியில் மூன்றாம் ஆள் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அதற்கு ஓட்டு கிடையாது.

1978 ஜூன் 6ஆம் தேதி கலிபோர்னியா வாக்காளர்கள் ஏறத்தாழ 65 சத ஆதரவோடு ‘முன்மொழிவு 13’ என்ற அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். சட்டமன்றம் கொண்டுவந்தது அல்ல. பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டி நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. முன்னால் நின்றவர்கள் ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் என்ற இருவர். அதன் விதிகள் எளிமையானவை, அதனாலேயே கொடூரமானவை. வீடோ நிலமோ ஆலையோ, எந்த அசையாச் சொத்துக்கும் அதன் மதிப்பில் 1 சதத்துக்கு மேல் வரி கூடாது (அதற்கு முன் சராசரி இரண்டரை சதத்துக்கு மேல் இருந்தது). மதிப்பு என்பது 1975–76இல் இருந்த மதிப்பு. அது ஆண்டுக்கு 2 சதத்துக்கு மேல் ஏறக்கூடாது, சந்தையில் விலை எங்கே போனாலும் சரி. சொத்து கைமாறினால் மட்டும் புது விலைக்கு மதிப்பு போடலாம். மாநில வரியை உயர்த்த வேண்டுமா, சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். உள்ளூரில் தனிநோக்க வரி போட வேண்டுமா, வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஒரே இரவில் சொத்துவரி வருவாய் பாதிக்கு மேல், சுமார் 57 சதம், காணாமல் போச்சு. அந்தக் கோடையிலேயே மாநிலம் முழுக்கக் கோடைக்காலப் பள்ளிகள் மூடப்பட்டன.

சொத்துவரி குறைந்தால் பள்ளிக்கூடம் ஏன் மூட வேண்டும் என்று நம் வாசகருக்குத் தோன்றலாம். நம்மூரில் அரசுப்பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. 1920இல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகள் கல்விவரி போட வழிசெய்தது என்றாலும், நகராட்சி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இன்றைக்கும் அச்சாகிறது என்றாலும், பள்ளிக்கூடத்தின் உயிர் அந்த ரசீதில் இல்லை. அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே ‘பள்ளி மாவட்டம்’ என்பது தனி அரசு மாதிரி. தனக்கென எல்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, தனக்கென வரி. எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, தொழிற்சாலை எல்லாவற்றின் மேலும் வரி போட்டு அதற்குள் இருக்கும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும். 1968–69இல் கலிபோர்னியப் பொதுப்பள்ளிகளின் வருவாயில் 55.7 சதம் இந்த உள்ளூர்ச் சொத்துவரி. மாநில உதவி 35.5 சதம்தான். தெருவின் விலைதான் பள்ளியின் விலை. யார் எந்தத் தெருவில் வீடு வாங்கலாம் என்பதை வங்கிகளும் வீட்டுத் தரகர்களும் நிறம் பார்த்து முடிவுசெய்துவந்த நாடு அது என்பதைச் சேர்த்துப் படித்தால், ‘உள்ளூர்க் கட்டுப்பாடு’ என்கிற அழகான ஜனநாயகச் சொல்லுக்குள் என்ன இருந்தது என்பது விளங்கும்.

இந்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்டவர் ஜான் செரானோ. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் வாழ்ந்த மெக்சிக அமெரிக்கர், சமூகப் பணியாளர். பிள்ளைக்கு நல்ல படிப்பு வேண்டுமானால் வீட்டை வேறு பகுதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று பள்ளித் தலைமையாசிரியரே அவரிடம் சொன்னாராம். (நல்லெண்ணத்தோடு சொன்ன அறிவுரைதான். சேரியிலிருந்து வெளியே வா, முன்னேறு என்று நம்மூரில் சொல்லப்படுகிற அறிவுரைகளின் தொனி இதில் கேட்கிறது.) 1968இல் அவரும் வேறு பெற்றோர்களும் வழக்குப் போட்டார்கள். எதிர்வாதி மாநிலக் கருவூல அதிகாரி ஐவி பேக்கர் பிரீஸ்ட். அதற்கு முன் 1953 முதல் 1961 வரை டாலர் நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்! வழக்குக்கு வாய்த்த பெயர் ‘செரானோ எதிர் பிரீஸ்ட்’.

1971இல் கலிபோர்னிய உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பில் இரண்டு ஊர்களின் கணக்கு இருக்கிறது. பால்ட்வின் பார்க் என்கிற சாதாரண ஊரில் ஒரு பிள்ளைக்கு ஈடாக இருந்த சொத்தின் வரிமதிப்பு 3,706 டாலர். பெவர்லி ஹில்ஸில் 50,885 டாலர். ஒன்றுக்குப் பதின்மூன்றுக்கு மேல். பிள்ளைக்கு ஓராண்டில் செலவானது முதல் ஊரில் 577 டாலர், இரண்டாவதில் 1,231 டாலர். இதுவரைக்கும் எவரும் எதிர்பார்ப்பதுதான். அடுத்த எண்தான் முக்கியம். பால்ட்வின் பார்க்காரர்கள் நூறு டாலர் வரிமதிப்புக்கு 5.48 டாலர் பள்ளிவரி கட்டினார்கள். பெவர்லி ஹில்ஸ்காரர்கள் கட்டியது 2.38 டாலர். அதாவது ஏழை ஊர் இரண்டு மடங்குக்கு மேல் வீதத்தில் வரி கட்டி, பாதிக்கும் குறைவான படிப்பை வாங்கிக்கொண்டிருந்தது. ‘அவங்களுக்குப் படிப்புல அக்கறை இல்ல’ என்கிற வழக்கமான கதையாடலை இந்த ஒற்றை எண் உடைத்துப் போடுகிறது. அக்கறை இருந்தது, வீதத்தில் தெரிகிறது. சொத்துத்தான் இல்லை.

பிள்ளையின் படிப்பு அதன் பெற்றோர், அண்டைவீட்டார் சொத்தைச் சார்ந்திருப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்றது நீதிமன்றம். இரண்டு வருடம் கழித்து, 1973இல், டெக்சாஸிலிருந்து இதே கேள்வி வாஷிங்டன் போனது. சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பகுதி உள்ளூர் வரியால் பிள்ளைக்கு 26 டாலர் திரட்ட, அதே நகரத்து ஆலமோ ஹைட்ஸ் அதைவிடக் குறைந்த வரிவீதத்தில் 333 டாலர் திரட்டியது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்சநீதிமன்றம் கைவிரித்தது. கல்வி அமெரிக்க அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமை அல்ல என்றார்கள். மாறுபட்டுக் கடுமையாக எழுதியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். நிறவாரிப் பள்ளிகளுக்கு எதிரான 1954ஆம் ஆண்டு வழக்கை வக்கீலாக நின்று வென்றவர். அந்தக் கதவு அடைபட்டதால் கலிபோர்னிய நீதிமன்றம் 1976 டிசம்பரில் தன் மாநில அரசியல் சட்டத்தின் மேல் காலூன்றிச் செரானோ தீர்ப்பை மறுபடியும் உறுதிசெய்தது. பணக்கார மாவட்டத்தின் வரியில் ஒரு பகுதியை எடுத்து ஏழை மாவட்டத்துக்குத் தர வேண்டும் என்கிற திசையில் சட்டமன்றம் 1977இல் ஒரு சட்டமும் போட்டது. நடைமுறைக்கு வருவதற்குள் 1978 ஜூன் வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் சர்ச்சை. 1989இல் வில்லியம் ஃபிஷெல் என்ற பொருளியலாளர் ஒரு வாதம் வைத்தார். செரானோ தீர்ப்புத்தான் முன்மொழிவு 13க்குக் காரணம் என்று. தர்க்கம் இதுதான்: என் வரி என் ஊர்ப் பள்ளிக்குப் போனது, பள்ளி நன்றாக இருந்ததால் என் வீட்டு விலை ஏறியது, ஆகவே வரியைப் பொறுத்துக்கொண்டேன். நீதிமன்றம் என் வரியை அடுத்த ஊருக்குத் திருப்பிவிட்டபின் நான் எதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும்? எம் பணம், எம் ஊரு, எம் பள்ளிக்கூடம். அது போனா வரியும் போகட்டும்.

கேட்க நியாயம் போலவே இருக்கிறது. கவர்ச்சியான வாதம், மனித சுபாவத்தைப் பற்றி நாம் வைத்திருக்கிற இழிவான எண்ணங்களோடு ஒத்துப்போவதால் கூடுதல் கவர்ச்சி. அதன் அரசியல் விளைவை மட்டும் கவனிக்கச் சொல்வேன். சமத்துவம் கேட்டவனே எல்லோருடைய பள்ளியும் பாழானதற்குக் காரணமாகிவிடுகிறான். இடஒதுக்கீடு கேட்டதால்தான் ‘தகுதி’ அரசுப்பள்ளியை விட்டு ஓடிப்போயிற்று என்று நம்மூரில் பேசப்படுகிறதே, அதன் மறுபதிப்பு.

ஆதாரங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. முதலாவது, சொத்துவரிக்கு உச்சவரம்பு கேட்கும் முன்மொழிவுகள் செரானோ தீர்ப்புக்கு முன்பே, 1968இலேயே, வாக்கெடுப்புக்கு வந்துவிட்டன. கொண்டுவந்தவர் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்துச் சொத்து மதிப்பீட்டு அதிகாரி ஃபிலிப் வாட்சன். வரி மதிப்பு போடுகிறவரே! அது தோற்றது, 1972இலும் தோற்றது. இரண்டாவது, சமூகவியலாளர் ஐசக் மார்ட்டின் 2008இல் வெளியிட்ட நூலில் சொல்லும் கதை எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அறுபதுகள் வரை கலிபோர்னியாவில் மதிப்பீட்டு அதிகாரி தேர்தலில் நின்று வருகிறவர். வீடுகளுக்கெல்லாம் சந்தை விலையில் ஒரு சிறு பகுதியை மட்டும் வரிமதிப்பாகக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, கடைகள் ஆலைகள் மேல் பாரத்தை ஏற்றி ஓட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி இது செல்லாது. எல்லோருக்கும் தெரியும், எவரும் பேசுவதில்லை. நம்மூரில் வீட்டுவரி ‘போடுகிற’ விதம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சில அதிகாரிகள் நிறுவனங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு மதிப்பைக் குறைத்துக் கொடுத்தது வெளியே வந்தது. சான் பிரான்சிஸ்கோவின் மதிப்பீட்டு அதிகாரி 1966இல் லஞ்ச வழக்கில் தண்டிக்கப்பட்டார். சீர்திருத்தம் வந்தது: அதே ஆண்டில் போட்ட சட்டப்படி எல்லாச் சொத்துக்கும் சந்தை விலையில் 25 சதம் என்று ஒரே அளவுகோல். நேர்மை வந்ததும் என்ன ஆயிற்று? வணிகச் சொத்துக்களுக்கு வரி இறங்கிற்று, வீடுகளுக்கு ஏறிற்று. ‘பழைய திருட்டு மதிப்பீட்டாளரையே திரும்பக் கொண்டு வா’ என்று சான் பிரான்சிஸ்கோவில் காரில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டதாக ஒரு கதை உண்டு. எழுபதுகளில் வீட்டு விலை தாறுமாறாக ஏற, கணினி வைத்த மதிப்பீட்டு அலுவலகம் விடாமல் பின்தொடர்ந்தது. 1978 மே மாதம், வாக்கெடுப்புக்குச் சில வாரம் இருக்கையில், லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்களுக்கு அவர்கள் வீட்டின் புது மதிப்பு தெரியவந்தது. மூன்றாண்டுக்கொரு முறை மறுமதிப்பீடு; மூன்றாண்டின் ஏற்றமும் மொத்தமாக ஒரே காகிதத்தில்.

ஆக, போனது ஒரு ரகசியச் சலுகை. முன்மொழிவு 13 அந்த ரகசியச் சலுகையை எடுத்து அரசியல் சட்டத்துக்குள் வைத்தது. ‘வரிச் சீர்திருத்தம்’ என்பதைவிட ‘சலுகையின் சாசனம்’ என்று அதை அழைப்பது சரியாக இருக்கும். பள்ளிக்குப் போகும் பணம் ‘செலவு’, வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுக்கும் பணம் ‘உரிமை’ என்கிற மொழிப் பிரிவினை அன்றிலிருந்து கெட்டிப்பட்டுவிட்டது. இரண்டும் ஒரே கருவூலத்திலிருந்துதான் போகின்றன.

இதைச் சொல்வதால், அன்று ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரையும் சுயநலமிகள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வருமானம் நின்றுபோன முதியவர்கள் தாங்கள் வாழும் வீட்டின் ஏட்டு விலைக்கு ரொக்கமாக வரி கட்ட முடியாமல் உண்மையிலேயே திணறினார்கள். மாநில அரசின் கையில் 500 கோடி டாலர் அளவுக்கு உபரி சும்மா கிடந்தது. ஆளுநர் ஜெரி பிரவுனும் சட்டமன்றமும் அதை வைத்து இவர்களுக்கு மட்டும் நிவாரணம் தந்திருக்க முடியும். ஒரு வருடத்துக்கும் மேலாகப் பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவர்கள் வைத்த மாற்று முன்மொழிவு தோற்றது. தாராளவாதிகளின் இந்தச் சோம்பேறித்தனத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. முதியவர் கண்ணீரை முன்னால் நிறுத்தி உள்ளே நுழைந்தவர்கள் வேறு. ஜார்விஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டார அடுக்ககக் கட்டட உரிமையாளர் சங்கத்தின் ஊழியர். வரி குறைந்தால் வாடகை குறையும் என்றார். குறையவில்லை, ஏமாந்த குடியிருப்போர் சான்டா மோனிகாவில் 1979இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். சலுகையில் பெரும்பங்கு போனது வணிகச் சொத்துக்கும் வாடகைக் கட்டடங்களுக்கும். (ஜார்விஸ் 1980இல் ‘ஏர்பிளேன்!’ என்ற நகைச்சுவைப் படத்தில் தலைகாட்டினார். ஓட்டுநர் இல்லாத டாக்சியில் உட்கார்ந்து, மீட்டர் ஓட ஓடப் படம் முடிந்த பிறகும் காத்திருக்கிற பயணி அவர்தான்.)

நிறத்தை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லவும் முடியாது. 1964இல் இதே கலிபோர்னியா வேறொரு முன்மொழிவை, ஏறத்தாழ இதே 65 சதத்தில், நிறைவேற்றியது. வீடு விற்பதில் இன ஒதுக்கலைத் தடுத்த சட்டத்தை அது ரத்து செய்தது. பிற்பாடு நீதிமன்றங்கள் அது செல்லாது என்றன. 1978 செப்டம்பரில், வரி வாக்கெடுப்பு முடிந்த மூன்றாம் மாதம், லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளிகளில் நிறம் கலப்பதற்காகப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வேறு பகுதிகளுக்கு அனுப்பும் திட்டம் நீதிமன்ற ஆணைப்படி தொடங்கியது. சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கின் வெள்ளைப் புறநகர்கள் வரி எதிர்ப்புக்கும் கோட்டை, பஸ் எதிர்ப்புக்கும் கோட்டை. வரி கட்டுகிறவர்கள் வயதான வெள்ளையர்களாகவும் பள்ளியில் இருப்பவர்கள் மெக்சிக, கறுப்பின, ஆசியப் பிள்ளைகளாகவும் ஆகத் தொடங்கியிருந்த மாநிலம் அது.

பிறகு நடந்ததைப் பார்ப்போம். பள்ளிகள் ஒரேயடியாக மூடப்படவில்லை. மாநில அரசு உபரியைக் கொட்டித் தாங்கிப் பிடித்தது. 1979இல் அதற்கொரு நிரந்தரச் சட்டம். அதோடு அதிகாரம் தெருவிலிருந்து தலைநகர் சாக்ரமென்டோவுக்கு இடம்பெயர்ந்தது. மாவட்டங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு குறைந்தது உண்மை. செரானோ கேட்டது ஒரு விதத்தில் கிடைத்துவிட்டது, அவர் கேட்காத விதத்தில். மேலே தூக்கிச் சமமாக்கவில்லை. மேலே இருந்ததை வளரவிடாமல் நிறுத்திச் சமமாக்கினார்கள். தொண்ணூறுகளில் நாட்டிலேயே மிக நெருக்கமான வகுப்பறைகள் கொண்ட மாநிலங்களில் ஒன்று கலிபோர்னியா. நூலகரும் செவிலியரும் இல்லாத பள்ளிகள் சாதாரணம்.

சொத்துவரிக்கு ஒரு குணம் உண்டு, மந்தகதி. பங்குச் சந்தை விழுந்தாலும் வீடு அங்கேயே நிற்கும். அந்த இடத்துக்கு வருமான வரி வந்ததும் பள்ளியின் விதி பணக்காரர்களின் பங்கு லாபத்தோடு பிணைந்துபோயிற்று. மேல்தட்டு ஒரு சதத்தினரே மாநிலத் தனிநபர் வருமான வரியில் பாதியளவு கட்டிய ஆண்டுகள் உண்டு; அவர்களுக்கு லாபம் குறைந்த ஆண்டில் ஆசிரியருக்கு வேலை போகும். இதைத் தடுக்க 1988இல் முன்மொழிவு 98 வந்தது. மாநிலப் பொது நிதியில் சுமார் 40 சதத்தைப் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் உறுதிசெய்ய முயன்ற இது 50.7 சதத்தில் தப்பித் தவறி நிறைவேறியது. உறுதி என்பது சூத்திரத்துக்குத்தான், தொகைக்கு அல்ல. ஆசிரியரைக் குறைப்பதாக இருந்தால் மார்ச் 15க்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். மாநில பட்ஜெட் நிறைவேறுவது ஜூனில். எவ்வளவு வரும் என்று தெரியாததால் எதற்கும் இருக்கட்டும் என்று அறிவிப்பை அனுப்பிவைப்பார்கள். 2008க்குப் பின்வந்த நெருக்கடி ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு வசந்தகாலம் இந்தக் காகிதத்தோடுதான் வந்தது. பணியில் இளையவர்களுக்கு முதலில். இளையவர்கள் அதிகம் இருந்ததோ ஏழைப் பகுதிப் பள்ளிகளில்.

பணக்கார ஊர்கள் சும்மா இருந்தனவா? பெற்றோர் சேர்ந்து ‘கல்வி அறக்கட்டளை’ தொடங்கி நன்கொடை திரட்டி இசையாசிரியரையும் நூலகரையும் வைத்துக்கொண்டார்கள். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவும் உண்டு. மனைக்கு இவ்வளவு என்று ஒரு வரி கண்டுபிடிக்கப்பட்டது; குடிசை நிற்கும் மனைக்கும் மாளிகை நிற்கும் மனைக்கும் பெரும்பாலும் ஒரே தொகை. மதிப்பைத் தொட்டால் முன்மொழிவு 13 குறுக்கே வரும், மனையை எண்ணினால் வராது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டைத் திரட்ட முடிந்த ஊர்களுக்கு மட்டும் இது வாய்த்தது. உள்ளூர்ச் சொத்துவரியே மாநில நிர்ணயத் தொகையைத் தாண்டிவிடுகிற சில மாவட்டங்கள், எஞ்சியதைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. செரானோ மூடச் சொன்ன வாசலுக்குப் பக்கத்திலேயே மூன்று சன்னல்கள்.

சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதும் சோதிக்கப்பட்டது. ஸ்டெபனி நார்ட்லிங்கர் என்பவர் 1988இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 1,70,000 டாலருக்கு ஒரு சாதாரண வீடு வாங்கினார். அவருக்கு வந்த வரி சுமார் 1,700 டாலர். அதே மாதிரி வீட்டில் 1975 முதல் இருந்த அண்டைவீட்டாருக்கு 358 டாலர். மாலிபு கடற்கரையில் 21 லட்சம் டாலர் மாளிகையைப் பழையகாலத்தில் வாங்கிவைத்தவர் கட்டியதும் ஏறத்தாழ நார்ட்லிங்கர் கட்டியதே. 1992இல் உச்சநீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இது செல்லும் என்றது. மாறுபட்ட ஒரே நீதிபதி ஸ்டீவன்ஸ். பெற்றோர் வீட்டைப் பிள்ளைகள் பழைய மதிப்பிலேயே பெறலாம் என்று 1986இல் இன்னொரு திருத்தம் வேறு வந்திருந்தது (2020இல்தான் இதைச் சுருக்கினார்கள்). பிறப்பால் வரும் வரிச்சலுகை. சாதி என்ற சொல்லை இங்கே பயன்படுத்த எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். வேறு சொல் கிடைக்கவில்லை.

முழுக்க இருட்டு என்றும் இல்லை. 2012இல் உயர்வருவாய்க்காரர்கள் மேல் கூடுதல் வருமான வரி, வாக்கெடுப்பில் நிறைவேறியது. முன்னின்றவர் அதே ஜெரி பிரவுன், 34 வருடம் கழித்து மறுபடி ஆளுநராக. 2013இல் நிதிப் பங்கீடு மாற்றப்பட்டது. ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், வளர்ப்பு இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் ஆகியோருக்குக் கூடுதல் எடை. தலைக்கு இவ்வளவு என்று சமமாக வெட்டுவது சமத்துவம் ஆகாது என்பது 45 வருடம் கழித்துச் சூத்திரமாயிற்று.

அஸ்திவாரத்தை மட்டும் எவராலும் தொட முடியவில்லை. 2020 நவம்பரில் வீடுகளை விட்டுவிட்டுப் பெரிய வணிகச் சொத்துக்களுக்கு மட்டும் சந்தை மதிப்பில் வரி போடக் கேட்ட முன்மொழிவு 15, நாற்பத்தெட்டுக்கு ஐம்பத்திரண்டு சதத்தில் தோற்றது. அதே ஆண்டு மார்ச்சில் இன்னொரு வாக்கெடுப்பு நடந்தது. பள்ளிக் கட்டடங்களுக்காக 1500 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட அனுமதி கேட்டது. வரிசை எண் சுற்றி வந்ததில் அதற்கு விழுந்த எண் 13. பழைய 13இல் கைவைக்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பலர் எதிர்த்துப் போட்டுவிட்டார்கள் என்று ஆதரவாளர்கள் புலம்பினார்கள். எதிர்த்தவர்கள் சுமார் 53 சதம். 2024 நவம்பரில் அதே நோக்கத்துக்காக 1000 கோடி டாலர் கேட்ட பத்திரம் நிறைவேறிவிட்டது. அதன் எண் 2.